லேப் ரிப்போர்ட்டில் கர்ப்பிணிக்கு இடம் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற வாரம் உங்கள் மருத்துவப் பக்கத்தில் ரத்தப் பரிசோதனை அளவுகளை அட்டவணையாகப் போட்டு, கத்தரித்து வைத்துக்கொள்ளச் சொல்லிப் புள்ளிக்கோடும் போட்டிருந்தீர்கள். ஆண், பெண், குழந்தை என்று மூன்று பத்தி. நல்ல காரியம். ஆனால் கர்ப்பிணிக்கு என்று ஒரு பத்தி இல்லை. இரண்டு நாள் கழித்து எங்கள் தெருவில் ஒரு மாமியார் அந்தத் துண்டையும், எட்டு மாதக் கர்ப்பிணியான மருமகளின் லேப் ரிப்போர்ட்டையும் ஒன்றாகப் பிடித்துக்கொண்டு என் வீட்டு வாசலில் வந்து நின்றார். அதனால்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளும். வெட்டுவதாக இருந்தால் என் புலம்பலை வெட்டுங்கள், எண்களை விட்டுவையுங்கள்.

நான் அரசு ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். தெருவில் எனக்கு லேப் அக்கா என்றே பெயர். மருத்துவர் இல்லை, மருந்தும் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு எண் எப்படி வருகிறது, எதனால் ஏறும், எதனால் இறங்கும் என்பது என் தொழில்.

அந்த ரிப்போர்ட்டில் ஆறு இடத்தில், எண் எல்லைக்கு வெளியே இருக்கிறது என்று காட்டும் நட்சத்திரம் போட்டிருந்தார்கள். ஹீமோகுளோபின் 11.2, வெள்ளை அணு 13,400, இ.எஸ்.ஆர். (சிவப்பணு படியும் வேகம்) 58, ஆல்புமின் என்ற ரத்தப் புரதம் 3.1, கொலஸ்ட்ரால் 262, ஈரல் பரிசோதனையில் வரும் ஆல்கலைன் பாஸ்படேஸ் என்ற நொதி 240. “ஈரல்ல கோளாறுன்னு போட்டிருக்கே, கீழாநெல்லி அரைச்சுக் குடுக்கட்டுமா?” என்று கேட்டார். மருமகள் பின்னால் நின்று அழுதுகொண்டிருந்தாள். ஆறு நட்சத்திரத்தில் ஒன்றுகூட எட்டாம் மாதத்தில் ஆச்சரியப்பட வேண்டியது இல்லை. ஆறுமே ஒரு நல்ல கர்ப்பத்தில் அப்படித்தான் இருக்கும். லேபின் கம்ப்யூட்டருக்கு அவள் கர்ப்பிணி என்று தெரியாது. சீட்டில் வயது, ஆணா பெண்ணா என்பது மட்டும்தான் கேட்கிறார்கள். 26, பெண். அவ்வளவுதான் அதற்குத் தெரியும்.

ஹீமோகுளோபினிலிருந்து சொல்கிறேன். கர்ப்பத்தில் ரத்தத்தின் நீர்ப்பகுதி 40 முதல் 50 சதவீதம் வரை கூடுகிறது. சிவப்பணுக்களும் கூடுகின்றன, ஆனால் 20 முதல் 30 சதவீதம்தான். விருந்தாளி வந்தால் குழம்பில் தண்ணீரும் ஊற்றுகிறோம், உப்பும் போடுகிறோம். தண்ணீர் கொஞ்சம் தாராளமாகப் போய்விட்டால் உப்பு குறைந்த மாதிரி இருக்கும் இல்லையா, அதே கதை. அதனால் சாதாரணப் பெண்ணுக்கு 12-க்குக் கீழே போனால் சோகை என்பவர்கள், கர்ப்பிணிக்கு 11 என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டியில் நடு மூன்று மாதங்களுக்கு மட்டும் 10.5 வரை இறக்கியிருக்கிறார்கள். நீர்ப்பகுதி வேகமாகப் பெருகும் காலம் அது.

இதைப் படித்துவிட்டு, குறைவது இயற்கைதானே என்று சத்து மாத்திரையை ஜன்னல் வழியாக எறிந்துவிடக் கூடாது. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் நம் நாட்டுக் கர்ப்பிணிகளில் 52.2 சதவீதம் பேருக்குச் சோகை இருந்தது. அந்தக் கணக்கே 11 என்ற கோட்டை வைத்துத்தான் எடுத்தது, 12-ஐ வைத்து அல்ல. 9 பாயிண்ட், 8 பாயிண்ட் எல்லாம் தண்ணீர் கூடிய கணக்கில் வராது, அது உண்மையான குறை. இன்னொரு பக்கம், “என் பொண்ணுக்கு ஒம்பதாம் மாசத்திலும் 14 பாயிண்ட் ரத்தம்” என்று பெருமை பேசுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். கர்ப்பத்தில் எண் இறங்காமல் உயரத்திலேயே நின்றால், நீர்ப்பகுதி கூட வேண்டிய அளவுக்குக் கூடவில்லையோ என்று மருத்துவர்கள் பிரஷரையும் குழந்தையின் வளர்ச்சியையும் கூர்ந்து பார்ப்பார்கள். பெருமைப்படுவதற்கு முன்னால் டாக்டரிடம் அதையும் காட்டுங்கள்.

வெள்ளை அணு சாதாரணமாக 11,000-க்குள். கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் 15,000, 16,000 வரைகூட எந்தத் தொற்றும் இல்லாமல் போகும். பிரசவ வலி நேரத்தில் 20,000-ஐத் தாண்டிய சாம்பிள்களைப் பார்த்துப் பார்த்து எங்களுக்குப் பழகிவிட்டது. இ.எஸ்.ஆர். பற்றிப் பேசவே வேண்டாம். ரத்தம் உறைய உதவும் ஃபைப்ரினோஜன் என்ற புரதம் கூடுவதால் அது ஏறும். கர்ப்பிணிக்கு அதைப் பார்ப்பதே வீண் செலவு என்பது என் கருத்து. அந்த எண்ணை வைத்து டி.பி. என்று பயந்து ஒரு குடும்பம் மதுரைக்கும் ஊருக்குமாக அலைந்ததை அறிவேன். ரத்தக்கட்டி இருக்கிறதா என்று பார்க்கும் டி-டைமர் பரிசோதனையும் இப்படிக் கர்ப்பத்தில் தானாக ஏறும் கூட்டத்தைச் சேர்ந்ததுதான்.

ஆல்கலைன் பாஸ்படேஸ் ஈரலிலிருந்து மட்டும் வருவதில்லை. நஞ்சுக்கொடியும் அதைச் சுரக்கிறது. கடைசி மூன்று மாதத்தில் சாதாரண மேல் எல்லையைப் போல இரண்டு மடங்கு, சில சமயம் அதற்கும் மேலே போகும். குழந்தையும் கொடியும் வெளியே வந்த பிறகு தானாக இறங்கிவிடும். கொலஸ்ட்ரால் கால் பங்கு முதல் பாதி வரை கூடும், டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு இரண்டு மடங்கு ஆவதும் உண்டு. அதற்காக எட்டாம் மாதத்தில் நெய்யை நிறுத்து, முட்டையை நிறுத்து என்று கர்ப்பிணியைப் பட்டினி போட வேண்டியதில்லை. ஆல்புமின் குறைவது மறுபடியும் அந்த நீர்ப்பகுதிக் கணக்கு.

ஆனால் ஈரல் வரிசையிலேயே எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி., பிலிருபின் மூன்றும் கர்ப்பத்தால் கூடுவதில்லை. அவற்றில் நட்சத்திரம் இருந்தால் அது நிஜ நட்சத்திரம். அதேபோல உள்ளங்கை, உள்ளங்காலில் தாங்க முடியாத அரிப்பு இருந்தால், எண் என்னவாக இருந்தாலும் டாக்டரிடம் போக வேண்டும். பித்த அமிலம் என்று தனியாக ஒரு பரிசோதனை அதற்கு இருக்கிறது. அந்த மாமியாரிடம் இந்த மூன்று வரியையும் விரல் வைத்துக் காட்டினேன். மூன்றும் சுத்தமாக இருந்தன. கீழாநெல்லி பிழைத்தது.

ரத்தம் உறைய உதவும் தட்டணு (பிளேட்லெட்) விஷயம் இதைவிட வேடிக்கை. சாதாரண எல்லை ஒன்றரை லட்சத்தில் தொடங்குகிறது. ஆரோக்கியமான கர்ப்பிணிகளில் சிலருக்குக் கடைசி மாதங்களில் இது 1.3 லட்சம், 1.2 லட்சம் என்று மெல்ல இறங்கும். பிரசவத்துக்குப் பிறகு சரியாகிவிடும். மழைக்காலத்தில் இந்த எண்ணைப் பார்த்தால் வீட்டில் உடனே டெங்கு என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பப்பாளிப் பழத்தைக் கண்ணில் காட்டக் கூடாது என்று ஏழு மாதம் காவல் காத்த வீட்டில், பப்பாளி இலையை இடித்துச் சாறு எடுக்க உரலைத் தேடியதை நான் நேரில் பார்த்தேன். காய்ச்சல் இருந்தால் டெங்கு பரிசோதனை செய்யட்டும், அது வேறு. காய்ச்சலே இல்லாத பெண்ணுக்கு எதற்கு இலைச் சாறு?

தொழில் ரகசியம் ஒன்றும் சொல்கிறேன். ரத்தம் எடுக்கும் ஊதா மூடி ட்யூபில் உறையாமலிருக்க ஒரு ரசாயனம் தடவியிருக்கும். சிலருடைய தட்டணுக்கள் அந்த ரசாயனத்தோடு ஒட்டிக் கட்டியாகிவிடும். மெஷின் கட்டியைத் தட்டணுவாக எண்ணாது. ரிப்போர்ட்டில் 70,000 என்று வந்து நிற்கும். கண்ணாடித் துண்டில் ரத்தத்தைத் தேய்த்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் கட்டி தெரியும், வேறு ரசாயனம் உள்ள நீல மூடி ட்யூபில் மறுபடி எடுத்தால் சரியான எண் வரும். திடீரென்று குறைந்த எண் வந்தால் “ஸ்மியர் பார்த்தீர்களா?” என்று லேபில் கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் ஒரு லட்சத்துக்குக் கீழே நிஜமாகவே இறங்கினால் அதைக் கர்ப்பத்தின் கணக்கில் எழுதிவிட்டு வீட்டில் இருக்கக் கூடாது, முக்கியமாகப் பிரஷரும் கூடியிருந்தால்.

தைராய்டில் தலைகீழ் நாடகம். முதல் மூன்று மாதம், கர்ப்பத்தை உறுதிசெய்யும் அதே எச்.சி.ஜி. ஹார்மோன் தைராய்டையும் லேசாகத் தூண்டிவிடுகிறது. அதனால் தைராய்டை வேலை வாங்கும் டி.எஸ்.எச். ஹார்மோனின் தேவை குறைந்து அதன் எண் இறங்கும். மசக்கையில் வாந்தி அதிகம் உள்ளவர்களுக்கு இன்னும் இறங்கலாம். எல்லை மாதத்துக்கு மாதம் வேறு என்பதால், ரிப்போர்ட்டைப் பார்க்கும் மருத்துவருக்கு எத்தனையாவது வாரம் என்று தெரிந்தாக வேண்டும்.

இதுவரை சொன்னது தேவையில்லாத பயம். என்னை உண்மையில் எழுத வைத்தது இதற்கு நேர் எதிரானது. நட்சத்திரம் விழ வேண்டிய இடத்தில் விழாமல் போவது.

சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்றும் கழிவான கிரியாட்டினினை எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான லேப் தாள்களில் பெண்ணுக்கு மேல் எல்லை 1.1 அல்லது 1.2 என்று போட்டிருக்கும். கர்ப்பத்தில் சிறுநீரகம் வடிகட்டும் வேகம் சுமார் 50 சதவீதம் கூடுவதால் கிரியாட்டினின் 0.4 முதல் 0.8-க்குள் இறங்கிவிட வேண்டும். ஒரு கர்ப்பிணிக்கு 1.0 வந்தால் தாளில் எந்தக் குறியும் இருக்காது. “எல்லாம் நார்மல்” என்று மடித்துப் பையில் வைத்துவிடுவார்கள். ஆனால் அது கேள்வி கேட்க வேண்டிய எண். நட்சத்திரத்தைப் பார்த்து அழுதவளைச் சமாதானப்படுத்திவிடலாம். நட்சத்திரம் இல்லாததைப் பார்த்து நிம்மதியாகப் போனவளை யார் திரும்பக் கூப்பிடுவது?

சர்க்கரைக்கு மட்டும் இந்தப் பிரச்சினை பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. சென்னை சர்க்கரை நோய் மருத்துவர் வீ. சேஷய்யா போன்றவர்கள் பல ஆண்டுகள் விடாமல் சொன்னதால், கர்ப்பிணிக்குத் தனி முறை, தனி எண் என்று நம் சுகாதார நிலையங்களில் நிலைத்துவிட்டது. சாப்பிட்டிருந்தாலும் சாப்பிடாவிட்டாலும் 75 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் குடிக்க வேண்டும், இரண்டு மணி நேரம் கழித்து 140 அல்லது அதற்கு மேல் இருந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை. அவருடைய பிறந்த நாளான மார்ச் 10-ஐ இதற்கான விழிப்புணர்வு நாளாகவே கடைப்பிடிக்கிறார்கள். சர்க்கரைக்குத் தனிக் கோடு போட முடிந்த நாட்டில் கிரியாட்டினினுக்கும் தட்டணுவுக்கும் போட முடியாதா?

இனி பிரஷர். இதற்கு லேப் தேவையில்லை, ஆனால் எல்லாவற்றையும்விட இது பெரிய விஷயம்.

கர்ப்பத்தில் ரத்தக் குழாய்கள் தளர்ந்து விரிகின்றன. இதயம் முன்னைவிட அதிக ரத்தத்தைத் தள்ளுகிறது, நாடி நிமிடத்துக்கு 10 முதல் 20 வரை கூடுகிறது. இருந்தும் குழாய்கள் விரிந்திருப்பதால் பிரஷர் இறங்கத்தான் செய்யும். முதல் மூன்று மாதத்துக்குள் இறங்கத் தொடங்கி, ஐந்தாம் மாதத்தை ஒட்டி அடிமட்டத்துக்கு வரும். மேல் எண் கொஞ்சம்தான் இறங்கும், கீழ் எண் அதைவிட அதிகம். பிறகு மெல்ல ஏறி, பிரசவ சமயத்தில் கர்ப்பத்துக்கு முன்பிருந்த இடத்துக்குத் திரும்பிவிடும். ஆக, ஐந்தாம் மாதத்தில் 100/60 என்று வந்தால் லோ பிரஷர் என்று உப்புப் போட்ட எலுமிச்சைச் சாற்றை ஊற்ற வேண்டியதில்லை. மயக்கமோ ரத்தப்போக்கோ இருந்தால் அது வேறு. மல்லாந்து படுக்கும்போது மட்டும் தலை சுற்றினால், கர்ப்பப்பை பின்னால் உள்ள பெரிய ரத்தக் குழாயை அழுத்துகிறது என்று அர்த்தம். இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் சரியாகும்.

இப்போது நம் ஊர் வழக்கத்தை இதோடு பொருத்திப் பாருங்கள். மூன்று மாதம் முடியும்வரை வெளியே சொல்லக் கூடாது என்பது பல வீடுகளில் சட்டம். கண் பட்டுவிடுமாம். ஆகவே முதல் தடவை கையில் பட்டை கட்டிப் பிரஷர் பார்ப்பது நாலாம் மாதம், ஐந்தாம் மாதம். அதாவது பிரஷர் இயற்கையாகவே மிகக் குறைந்து கிடக்கும் நேரம். கர்ப்பத்துக்கு முன்பிருந்தே பிரஷர் இருந்த பெண்ணுக்குக்கூட அப்போது 124/80 என்று நல்ல பிள்ளை மாதிரி வரும். எட்டாம் மாதம் 144/92 ஆகும்போது இது பழைய பிரஷரா, கர்ப்பம் கொண்டுவந்த புதுப் பிரஷரா என்று மருத்துவர் இருட்டில் தடவ வேண்டியதுதான். ஆபத்து அதிகம் உள்ளவர்களுக்குக் குறைந்த அளவு ஆஸ்பிரின் கொடுத்து, கர்ப்பம் கொண்டுவரும் பிரஷர் கோளாறை முன்கூட்டியே தடுக்கப் பார்க்கிறார்கள். அதையும் 16 வாரத்துக்குள் தொடங்கினால்தான் பலன் அதிகம். யாருக்குத் தேவை என்று முடிவு செய்ய அந்த முதல் பிரஷர் கையில் இருக்க வேண்டும். ஊருக்குச் சொல்லாதீர்கள், பரவாயில்லை. நர்ஸம்மாவிடம் மட்டும் சொல்லிவிடுங்கள். அவர் கண் படாது.

அடுத்தது வளைகாப்பு. ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளையல் போட்டுத் தாய் வீட்டுக்கு அழைத்துப் போகிறோம். புது ஊர், புது ஆஸ்பத்திரி, புது லேப். பழைய எண்கள் எல்லாம் புருஷன் வீட்டுப் பீரோவில். பிரஷர் ஏறக்கூடிய காலம் சரியாக இதுதான். ஐந்தாம் மாதம் 98/60 இருந்தவள் இப்போது 136/88 என்றால், புது ஆஸ்பத்திரியில் 140/90-ஐத் தொடவில்லை, போய்வா என்று அனுப்பிவிடலாம். பழைய எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் “ரெண்டு நாள் கழிச்சு வந்து திரும்பப் பாரும்மா” என்று சொல்லத் தோன்றும். சீர்வரிசைத் தட்டை எண்ணுகிறவர்கள் தாய் சேய் நல அட்டையும் பழைய ரிப்போர்ட்டுகளும் பையில் இருக்கின்றனவா என்று எண்ணிப் பாருங்கள். கர்ப்பத்தைப் பதிவு செய்யும்போது அரசு தரும் பிக்மி எண்ணைப் போனிலும் குறித்து வையுங்கள். உதவித்தொகைக்கு மட்டும் உள்ள எண் என்று நினைக்கிறார்கள். பழைய பதிவைத் தேடவும் அதுதான் சாவி.

140/90 என்ற கோடு இரண்டு தடவை பார்த்து உறுதி செய்ய வேண்டியது, இடையில் குறைந்தது நாலு மணி நேரம் விட்டு. பஸ்ஸிலிருந்து இறங்கி மாடிப்படி ஏறி வந்தவளை உடனே உட்கார வைத்துப் பார்க்கக் கூடாது. ஐந்து நிமிடம் முதுகு சாய்ந்து உட்காரட்டும், கை நெஞ்சு மட்டத்தில் இருக்கட்டும், பேசாமல் இருக்கட்டும். பருத்த கைக்குச் சின்னப் பட்டையைக் கட்டினால் இல்லாத பிரஷர் வரும். அதற்காக 160/110 வந்தவளிடம் போய் நாளை வா என்று சொல்வதற்கில்லை. அது 108-ஐக் கூப்பிட வேண்டிய எண். விடாத தலைவலி, கண் முன்னால் பூச்சி பறப்பது, மேல் வயிற்றில் வலது பக்கம் வலி, ஒரே நாளில் முகம் வீங்குவது, இதில் எது இருந்தாலும் பிரஷர் பார்க்காமல் தூங்கப் போகக் கூடாது. மாலையில் கணுக்கால் வீங்குவது பெரும்பாலும் சாதாரணம், முகம் வீங்குவது அப்படி இல்லை.

நான் கேட்பது பெரிய செலவு இல்லாத வேலை. லேப் சீட்டில் ‘கர்ப்பிணியா, எத்தனையாவது வாரம்’ என்று ஒரு கட்டம் சேர்க்க வேண்டும். ரிப்போர்ட் அச்சடிக்கும் மென்பொருளில் மூன்று பருவத்துக்கும் தனி எல்லையைப் போட்டுவைத்தால், கட்டத்தை நிரப்பியதும் அது தானாக மாறிக்கொள்ளும். வயதுக்குத் தகுந்தபடி குழந்தைக்கு மாற்றுகிறதே, அப்படித்தான். ஒரு தனியார் லேபில் இதைச் சொன்னபோது “டாக்டருக்குத் தெரியும் மேடம்” என்றார்கள். டாக்டருக்குத் தெரியும், சரி. ஆனால் ரிப்போர்ட் முதலில் வாட்ஸ்ஆப்பில் போவது கணவனுக்கு, அவனிடமிருந்து மாமியாருக்கு, அப்புறம் சித்திக்கு. டாக்டர் கையில் போய்ச் சேர்வதற்குள் வீட்டில் மூன்று வைத்தியம் முடிந்திருக்கும்.

உங்கள் பத்திரிகையும் ஒரு மகப்பேறு மருத்துவரிடம் கேட்டுக் கர்ப்பிணிகளுக்கான அளவுகளைத் தனியாக வெளியிட வேண்டும். இதே அளவு இடம் கொடுங்கள். எழுத்து பெரிதாக இருக்கட்டும்.

கடைசியாக ஒன்று. குழந்தை பிறந்துவிட்டால் பிரஷர் கதை முடிந்தது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். முடியவில்லை. பிரசவத்துக்குப் பின் மூன்றாம் நாளிலிருந்து ஆறாம் நாள் வரைதான் அது உச்சத்துக்குப் போகும். பெரும்பாலும் அப்போது தாய் வீட்டுக்கு வந்திருப்பாள். தலைவலி என்று சொன்னால் “தூக்கமில்லை, அதான்” என்று தைலம் தேய்ப்பார்கள். கர்ப்பத்தில் ஒரு தடவைகூடப் பிரஷர் ஏறாதவளுக்கும் அந்த வாரத்தில் ஏறலாம். குழந்தையைப் பார்க்க வீட்டுக்கு வரும் நர்ஸம்மாக்களுக்குச் சுகாதாரத் துறை ஒரு வரி உத்தரவு போட்டால் போதும்: பிள்ளையின் எடையைக் குறித்துவிட்டு, தாயின் கையிலும் பட்டையைக் கட்டிப் பார்த்து, அந்த எண்ணையும் அதே அட்டையில் எழுத வேண்டும் என்று.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக நுட்பநர்,
அருப்புக்கோட்டை.